சமூக ஊடகமும் மனநலமும்: ஆய்வு வினாக்களின் வரலாறு (1998–2022)

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகம் மனநலத்தைப் பாதிக்கிறதா என்னும் வினா பெரும்பாலும் பயன்பாட்டு நேரத்தை அடிப்படையாகக் கொண்டே எழுப்பப்படுகிறது. 1998 முதல் 2022 வரை வெளிவந்த சில முதன்மையான ஆய்வுகளை ஒருசேர நோக்கும்போது, நேரத்தை மட்டும் அளந்த ஆய்வுகள் உறுதியான விடையைத் தரவில்லை என்பது புலனாகிறது. பயனர் எதைக் காண்கிறார், அதனோடு தம்மை எவ்வாறு ஒப்பிடுகிறார் என்னும் வினாக்களே காரணத்தை நெருங்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சமூக ஊடகம், மனநலம், முகநூல், சமூக ஒப்பீடு, ஆய்வு வரலாறு.

முன்னுரை

ஓர் ஊடகம் பரவும்போது அதைப் பற்றிய அச்சமும் உடன் பரவுவது இயல்பு. அவ்வச்சம் ஆய்வு வினாவாக உருப்பெறும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. வினா எவ்வாறு அமைகிறதோ அதற்கேற்பவே பொறுப்பும் ஒருவர்மீது சுமத்தப்படுகிறது. எனவே விடைகளை மட்டுமன்றி வினாக்களின் வரலாற்றையும் ஆராய்வது தேவையாகிறது.

நேரத்தை அளந்த தொடக்கக் காலம்

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரௌட் குழுவினர், பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரின் இணையப் பயன்பாட்டை ஆராய்ந்து 1998இல் கட்டுரை வெளியிட்டனர். இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியோரிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் சிறிதளவு கூடியிருந்தன என்பது அதன் முடிவு. ஆனால், அதே குழுவினர் 2002இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் அத்தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன. அவ்வாய்வில் இடம்பெற்ற மற்றொரு குழுவில், பிறரோடு எளிதில் பழகும் இயல்பினர் நன்மையும், ஒதுங்கும் இயல்பினர் தனிமையும் அடைந்தமை தெரியவந்தது. ஒரே கருவி வெவ்வேறு மனிதரிடம் வெவ்வேறு விளைவுகளைத் தோற்றுவிக்கும் என்பது அப்போதே வெளிப்பட்டது.

எனினும் நேரத்தை அளக்கும் மரபு தொடர்ந்தது. ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோர் 2019இல் 3,55,358 பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்தனர். பதின்பருவத்தினரின் நல்வாழ்வு நிலையில் காணப்படும் வேறுபாட்டில் அதிக அளவாக 0.4 விழுக்காடே டிஜிட்டல் தொழில்நுட்பப் பயன்பாட்டோடு தொடர்புடையது என்று அவர்கள் கண்டனர். இதனைப் பாதிப்பே இல்லை என்று பொருள்கொள்வது பிழையாகும். பலவகைப் பயன்பாடுகளை ஒரே அளவையில் கூட்டினால் கிடைக்கும் சராசரி, பாதிக்கப்பட்டோரை மறைத்துவிடக்கூடும்.

தேர்ந்தளிக்கப்படும் காட்சி

முகநூல் நிறுவனம் 2006 செப்டம்பரில் செய்தியோடையை அறிமுகப்படுத்தியது. அதன்பின், நண்பரின் பக்கத்தைத் தேடிச் செல்லும் நிலை மாறி, பதிவுகள் பயனரைத் தேடிவரும் நிலை உருவாயிற்று. 2009இல் விருப்பக்குறி சேர்ந்தபோது பிறரின் ஏற்பு எண்ணிக்கையாகவும் காட்சியளித்தது.

இவ்வமைப்பின் ஆற்றலை அந்நிறுவனமே சோதித்தது. 2012 சனவரியில் 6,89,003 பயனரைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையில், ஒரு பகுதியினரின் செய்தியோடையில் மகிழ்ச்சியான அல்லது துயரமான பதிவுகள் குறைத்துக் காட்டப்பட்டன. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைவாகக் கண்டோர் தாமும் மகிழ்ச்சிச் சொற்களைச் சற்றுக் குறைவாக எழுதினர். 2014இல் இம்முடிவு வெளியானபோது, பயனரின் ஒப்புதல் தனியே பெறப்படாமை கடும் கண்டனத்திற்குள்ளானது. கண்டறியப்பட்ட விளைவு மிகச் சிறியதே. ஆயினும், பயனர் காண்பதை வேறொருவர் தேர்ந்தளிக்கிறார் என்னும் உண்மை ஆய்வுலகின் கவனத்திற்கு வந்தது.

கல்லூரி வளாகம் தந்த சான்று

2004 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முகநூல், 2006 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்கு முன்னர், கல்லூரி கல்லூரியாக வெவ்வேறு நாள்களில் அறிமுகமாயிற்று. இக்கால இடைவெளியை லூக்கா பிராகியேரி, ரோயீ லெவி, அலெக்ஸி மகாரின் ஆகியோர் 2022இல் வெளியான தம் ஆய்வில் சான்றாக்கினர். முகநூல் வந்த கல்லூரிகளையும் அது இன்னும் வராத கல்லூரிகளையும் மாணவர் நலக் கணக்கெடுப்பின் துணையோடு அவர்கள் ஒப்பிட்டனர்.

முகநூல் வந்தபின் மாணவரின் மனநலம் குன்றியது. மனநலக் குறைவால் படிப்புப் பாதிக்கப்பட்டதாகக் கூறியோரும் மிகுந்தனர். வளாகத்திற்கு வெளியே தங்கியோர், பொருளாதாரத்தில் பின்தங்கியோர் முதலிய, பிறரோடு ஒப்பிட்டுத் தாழ்வுணரக்கூடிய பிரிவினரிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. சக மாணவரின் சமூக வாழ்க்கை பற்றிய மாணவரின் எண்ணமும் மாறியது. இவற்றால் ஒப்பீடே முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர் கருதினர்.

அக்காலத்தில் விருப்பக்குறி இல்லை, திறன்பேசியும் பரவலாகவில்லை. ஆகவே இன்று கைப்பேசியின்மீது சுமத்தப்படும் குற்றத்தின் ஒரு பகுதி, கைப்பேசிக்கு முற்பட்டது எனலாம்.

முடிவுரை

பாதிப்பு நேரத்தைப் பொறுத்தது எனின் தன்னடக்கம் இல்லாத மாணவரே பொறுப்பாளி ஆவார். காட்சியின் அமைப்பைப் பொறுத்தது எனின் அதை வடிவமைத்த நிறுவனமும், நெறிப்படுத்த வேண்டிய அரசும் பொறுப்பேற்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் என்று மட்டும் கேட்கும் வினாப்பட்டியல், 1998ஆம் ஆண்டு ஆய்வின் குறையையே மீண்டும் சுமக்கும். யாருடைய வாழ்வைக் கண்டு தம் வாழ்வைக் குறைவாக மதிப்பிட்டார் என்பதையும் அது கேட்க வேண்டும். ஏற்கெனவே குறைவுடையோரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்பதால், இவ்வினா சமூக நீதி பற்றிய வினாவுமாகும்.