மதுரையில் கண்ட வபா, திமிஷ்கில் கண்ட தாஊன்

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் நடுவே உலகை உலுக்கிய பெருங்கொள்ளைநோயைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் துயரையே விரித்துரைக்கின்றன. அதே காலத்தில் கெய்ரோ, திமிஷ்க், ஹலப், தூனிஸ் ஆகிய நகரங்களும் அதே நோயால் வெறிச்சோடின. அந்நாளைய பேரழிவை நேரில் கண்டு எழுதியவர்களுள் ஒருவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் நம் தமிழ் மண்ணில் வேறொரு கொள்ளைநோயின் நடுவே வாழ்ந்தவர். அவர் தான்ஜாவில் பிறந்த பயணி இப்னு பதூதா.

சோழமண்டலக் கரையை அரபு வணிகர்கள் மஅபர் என்று அழைத்தனர். இன்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் அமைந்துள்ள நிலமும் அக்கரையைச் சேர்ந்ததே. மஅபரின் அரசியலையே மாற்றியமைத்ததில் நோய்க்கும் பங்குண்டு. 1335 அளவில் மதுரையின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, தில்லியிலிருந்து பிரிந்து தனியாட்சி அமைத்தார். அவரை அடக்கப் படையுடன் புறப்பட்ட முஹம்மத் பின் துக்ளக், தெலுங்கு நாட்டை அடைந்தபோது படையில் கொள்ளைநோய் பரவியது. வீரர்கள் பெருந்தொகையில் மடிந்தனர். சுல்தானும் நோயுற்றுத் திரும்பினார். மதுரை சுல்தானகம் நிலைபெற்றது.

சுமார் பத்தாண்டுகளுக்குப் பின், கியாஸுத்தீன் ஆட்சியின் இறுதியில், இப்னு பதூதா மதுரைக்கு வந்தார். நோயுற்றவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மிஞ்சினால் நான்காம் நாளோ இறந்ததாக அவர் பதிவு செய்கிறார். வெளியே சென்றால் நோயாளியையோ ஜனாஸாவையோ தவிர வேறெதையும் காண இயலவில்லையாம். எட்டு வயது மகனுடன் ஒரு பெண் வறுமையைச் சொல்லி உதவி கேட்டு வந்தார். அப்போது இருவரும் நலமாகவே இருந்தனர். மறுநாள் அப்பெண் தம் மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்து நின்றார். சுல்தானின் குடும்பத்தையும் நோய் விடவில்லை. சில வாரங்களுக்குள் சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, புளியை நீரில் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார்.

மதுரையில் அவர் கண்டது உலகை அழித்த அதே பிளேக் தானா? சில வரலாற்றாசிரியர்கள் அவ்வாறு கருதியதுண்டு. ஹலபைச் சேர்ந்த அறிஞர் இப்னுல் வர்தீயும், நோய் இருள் நிலத்தில் தோன்றிப் பதினைந்து ஆண்டுகள் சுற்றியதென்றும், சீனத்தையும் ஹிந்தையும் தாக்கியதென்றும் எழுதினார். அவர் அதை வணிகர் வாய்மொழியாகக் கேட்டவர்; 1349இல் அதே நோயில் இறந்தவர். ஆனால் மதுரைக் குறிப்பில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் எழும் நெறிக்கட்டி எங்கும் பேசப்படவில்லை. விரைவில் கொல்லும் காய்ச்சல்கள் பல உண்டு. அரபு மொழியின் பொதுச் சொல்லான வபா எல்லாக் கொள்ளைநோயையும் குறிக்கும். தாஊன் என்பது அதில் ஒரு வகை. தாஊன் அனைத்தும் வபா, வபா அனைத்தும் தாஊன் அன்று என்பது நம் அறிஞர்கள் வகுத்த வேறுபாடு. அவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், பெருநோய் நம் நாட்டிலிருந்து புறப்பட்டது என்று சொல்ல மதுரைக் குறிப்பு போதுமான சான்றாகாது.

நோயின் தோற்றுவாயைப் பற்றிய வலுவான சான்று 2022இல் வெளிவந்தது. இன்றைய கிர்கிஸ்தானில், இஸ்ஸிக் குல் ஏரிக்கு அருகே, நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களின் பழைய கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. ஆண்டு பொறித்த 467 கற்களுள் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிலவற்றில் இறப்பின் காரணமாக மவ்தானா என்னும் சுரியானிச் சொல் காணப்படுகிறது. 'மவுத்து' என்று நம் வீடுகளில் சொல்லும் சொல்லின் உறவுச்சொல் அது. அங்கே புதைக்கப்பட்டோரின் பற்களிலிருந்து ஆய்வாளர்கள் பிளேக் கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். பிற்காலப் பெருநோயின் கிருமிக் கிளைகளுக்கு அது மூதாதை என்றும் கண்டனர். அம்மலைநாட்டு மர்மோத்து முதலிய கொறிவிலங்குகளிடையே அக்கிருமி இன்றும் வாழ்கிறது.

அங்கிருந்து வணிகப் பாதைகளின் வழியே நோய் மேற்கு நோக்கி நகர்ந்து, 1346இல் கருங்கடற்கரையின் கஃபா துறைமுகத்தை எட்டியது. 1347இல் கப்பல்கள் அதை கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கும் சிசிலிக்கும் இஸ்கந்தரிய்யாவுக்கும் கொண்டு சென்றன. முந்நூறுக்கும் மேற்பட்டோருடன் புறப்பட்டு இஸ்கந்தரிய்யாவை அடைந்த ஒரு கப்பலில் சுமார் 45 பேரே உயிருடன் இருந்தனர் என்று மக்ரீஸீ குறிக்கிறார். தூனிஸில் இளைஞர் இப்னு கல்தூன் தம் பெற்றோரை இந்நோயில் இழந்தார்.

நெடும்பயணம் முடித்துத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த இப்னு பதூதா 1348இல் ஷாம் நாட்டில் இந்நோயைச் சந்தித்தார். திமிஷ்க்கின் ஆளுநர் அர்கூன் ஷா மூன்று நாள் நோன்பு நோற்கப் பணித்தார். பின்னர் மக்கள் உமய்யா பள்ளிவாசலில் இரவைத் தொழுகையிலும் திக்ரிலும் கழித்து, வைகறையில் வெறுங்காலுடன் நகருக்கு வெளியே உள்ள அக்தாம் பள்ளியை நோக்கி நடந்தனர். முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்திச் சென்றனர். அதே காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், கிணறுகளில் நஞ்சிட்டதாகப் பழிசுமத்தி யூதர்களை எரித்துக்கொண்டிருந்தனர். 2020இல் ஒரு நோயைச் சமுதாயம் ஒன்றின் மீது சுமத்திய பேச்சுகளைக் கேட்ட நமக்கு, திமிஷ்க் மக்கள் சேர்ந்து நடந்ததன் பெறுமதி எளிதில் புரியும்.

அவ்வூர்வலத்திற்குப் பின் அல்லாஹ் துன்பத்தை இலேசாக்கினான் என்று இப்னு பதூதா எழுதுகிறார். ஸஹீஹுல் புகாரீக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் கணிப்பு வேறு. அவர்கள் தாஊனைப் பற்றித் தனி நூலே இயற்றியவர்கள். தம் மகள்கள் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். திமிஷ்க்கில் மக்கள் கூடியபின் நோய் மிகுந்ததென்றே அவர்கள் கூறுகிறார்கள். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் தாம் கண்டதையும் எழுதுகிறார்கள்: நோன்பு நோற்று மக்கள் பாலைவெளியில் திரண்டு துஆச் செய்வதற்கு முன் நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு, ஒரு மாதத்திற்குள் அது ஆயிரத்தைத் தாண்டியது. அவர்கள் துஆவை விடச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களிடமும் ஸஹாபாக்களிடமும் முன்மாதிரி இல்லாத அக்கூட்டத்தையே மறுத்தார்கள். மகள்களை இழந்த ஒரு தந்தை, இறப்புகளை எண்ணிப் பார்த்துப் பேசிய பேச்சு அது.

முன்மாதிரியோ தெளிவானது. ஓர் ஊரில் தாஊன் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் அஞ்சி வெளியேறாதீர்கள் என்பது நபிமொழியின் கருத்து. ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் நோய் ஷாமைத் தாக்கியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் மக்களுடன் தங்கி, அந்நோயிலேயே இறையடி சேர்ந்தார்கள். ஒருவர் நுழையாமல் திரும்பினார்; மற்றவர் வெளியேறாமல் நின்றார். இருவரும் ஒரே நபிமொழியின் இரு பகுதிகளுக்கு வாழ்வால் சான்றளித்தார்கள்.

கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் இனங்கண்டார். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியே அது பரவுவதை, 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோந்து நிறுவினார். இவை எவையும் அறியாத காலத்தில், ஊரின் வாசலில் நின்ற மனிதனுக்கு எந்தப் பக்கம் அடிவைப்பது என்று அந்நபிமொழி கற்றுத்தந்தது. 2020இல் ஊரடங்கின்போது நம் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஜும்ஆவுக்குப் பதிலாக வீடுகளில் லுஹர் தொழுத வேளையில், இது ஈமானின் பலவீனமோ என்று கலங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஸர்ஃகில் உமர் (ரலி) அவர்கள் அளித்த விடை போதுமானது.