கூறு கட்டும் கணக்கு: சமக்குழுக்கள் வழியே பெருக்கலும் வகுத்தலும்

பொருள்களைச் சம எண்ணிக்கையுள்ள குழுக்களாக வைத்து, அவற்றிலிருந்து பெருக்கலையும் வகுத்தலையும் குழந்தைகளுக்கு உணர்த்துவது சமக்குழு முறை. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இன்று இது வழக்கத்தில் உள்ளது. அண்மையில் வந்த புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று.

19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தனர். இதை வெறும் ஒப்பித்தல் என்று பழிப்பதுண்டு. ஆனால் பாட வரிசையைக் கவனிக்க வேண்டும். பெருக்கல் வாய்ப்பாடுகள் அடங்கிய எண்சுவடிக்கு முன்பே பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் கற்பிக்கப்பட்டன. நெல்லிலக்கம் என்பது தானிய அளவை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். 3 குறுணி நெல்லில் 24 நாழி இருப்பது களத்தில் அளப்பதைப் பார்த்த பிள்ளைக்குப் புதிதல்ல. 24 நாழியைக் குறுணியால் எத்தனை முறை அளந்து எடுக்கலாம் என்று கேட்டால் அதுவே வகுத்தல். சமக்குழு மரக்காலுக்குள்ளேயே இருந்தது.

ரூபாய்க்கு 16 அணா என்றிருந்தவரை பதினாறாம் வாய்ப்பாடும் கடைக்கணக்காகவே இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வந்தது. மெட்ரிக் அளவைகளும் தொடர்ந்தன. கணக்கிடுவது எளிதாயிற்று. ஆனால் வாய்ப்பாட்டைத் தாங்கிய பொருள்கள் போய், ஓசை மட்டும் வகுப்பறையில் தங்கியது. எட்டாம் வாய்ப்பாட்டைத் தடங்கலின்றிச் சொல்லும் மாணவன் வகுத்தலில் திணறுவதற்கு இது முக்கியக் காரணம் எனலாம்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும் பொருள்களை மீண்டும் பிள்ளைகள் கையில் கொடுத்தன. மணி, புளியங்கொட்டை, தீக்குச்சி எதுவானாலும் சரி.

வகுத்தலில்தான் ஆசிரியர் நின்று நிதானிக்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. 12 மாங்காயை 3 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு 4, இது பங்கிடுதல். அதே 12 மாங்காயை மும்மூன்றாக வைத்தால் 4 கூறு, இது குழுவாக்குதல். விடை இரண்டிலும் 4தான், ஆனால் கை செய்யும் வேலை வேறு. இதைச் சொல்லாமல் வகுத்தல் குறியைக் கரும்பலகையில் எழுதினால் குழந்தை குழம்பும்.

திண்டுக்கல் மாவட்டம் சாணார்பட்டி போன்ற மா விளையும் ஊர்களில் இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. சந்தையில் கூறு கட்டி விற்பதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். 14 மாங்காயை நான்கு நான்காக வைத்தால் 3 கூறு, மீதி 2. அந்த இரண்டையும் ஏதாவதொரு கூறில் சேர்த்துவிடச் சில பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். சந்தையில் அதற்குக் கொசுறு என்று பெயர். வகுப்பறையில் தனியே வைத்து, மீதி என்று எழுத வேண்டும்.