எல் நினோ வருசத்திலே புயல் வராதா?

"எல் நினோ வருசம்னா புயல் வராதாமே சார்?" என்று சிலர் கேட்கிறாங்க. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. சில வருசங்களில் கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே கடல்நீர் சூடேறி, மீன்பாடு குறைந்துவிடும். மீனவர்கள் அதற்கு எல் நினோ, அதாவது குழந்தை இயேசு என்று பேர் வைத்தாங்க.

நம் நாட்டில் 1904 முதல் 1924 வரை வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். கணக்கில் புலி. பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல வழி தேடி, உலகம் பூராவும் எடுத்த காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. நம்ம கிணற்று ஏற்றமரம் மாதிரிதான். பெருவின் சுடுநீரும் வாக்கரின் ஏற்றமும் ஒரே சங்கதியின் இரண்டு பக்கம் என்று 1969இல் ஜேக்கப் பியர்க்னெஸ் விளக்கினார்.

பசிபிக் சூடேறினால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ வருசத்தில் அட்லாண்டிக் கடலில் மேல்காற்று வேகமாக அடித்து, எழும்பும் புயலைச் சாய்த்துவிடும். அங்கே புயல் குறைவதை 1984இல் வில்லியம் கிரே காட்டினார். நம் வங்காள விரிகுடாவிலும் ஐப்பசி, கார்த்திகையில் கடும்புயலுக்கு லா நினாதான் தோது. 1964 தனுஷ்கோடி, 1999 ஒடிசா இரண்டும் லா நினா வருசங்களே.

அப்போ எல் நினோ என்றால் நிம்மதியா? இல்லீங்க. 1977 எல் நினோ வருசந்தான். அந்த நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தில் புயல். ஒரு வாரத்தில், 19ஆம் தேதி ஆந்திராவில் திவிசீமையைக் கடல் அலை விழுங்கி, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா தென்னந்தோப்புகளைச் சாய்த்ததும் எல் நினோ தலைதூக்கிய வருசத்தில்தான். மழைக் கணக்கோ வேறே. எல் நினோ வருசத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகவே பெய்யும். 2015இல் சென்னை மூழ்கியது புயலால் அல்ல, மழையால்.

ஆகவே எந்த வருசமானாலும் ஐப்பசிக்கு முன்னே வடிகால் வாய்க்காலை வெட்டிவிடுங்க. புயல் எச்சரிக்கை வந்தால் தென்னையில் முற்றின காயையும் அடிமட்டையையும் இறக்கிவிடுங்க. மேல்பாரம் குறைந்த மரத்தில் காற்றின் பிடியும் குறையும்.