கம்பெனியின் மாணவர்கள் – 7
கோட்டையில் திறந்த திண்ணைப் பள்ளி

சென்ற வாரம் விருப்பாட்சியில் நிறுத்தியிருந்தோம். 1801. கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டாகிவிட்டது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் வழியில் இருக்கும் அந்தப் பாளையம் கம்பெனியின் கைக்குள் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் கலெக்டர் ஹர்டிஸ் கச்சேரி நடத்துகிறார். பீரங்கிக்கு இனி வேலை இல்லை. வேலையெல்லாம் கணக்குப் பிள்ளைக்குத்தான்.

அந்தக் கணக்கை வாசிக்கத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர்?

ஒட்டன்சத்திரத்துக் குடியானவர் ஒருவர் கச்சேரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஓலையில் எழுதிய அர்ஜி. 'கிணறு நான் வெட்டியது. கமலை கட்டி இறைப்பதும் நான். என் புஞ்சையைத் தோட்டக்கால் என்று எழுதித் தீர்வையைக் கூட்டிவிட்டார்கள்' என்பது அவர் வழக்கு. துரைக்கு ஓலை வாசிக்க வராது. துபாஷி வாசித்துச் சொல்கிறார். துபாஷி சொன்னதுதான் வழக்கு, துபாஷி சொன்னதுதான் தீர்ப்பு. நடுவில் கர்ணம் இருக்கிறார், மணியக்காரர் இருக்கிறார். குடியானவரின் குரல் துரையின் காதுக்குப் போய்ச் சேரும்போது அதில் அவருடைய சொல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

இந்த ஓட்டையைக் கம்பெனி அறியாமல் இல்லை. கல்கத்தாவில் வெல்லெஸ்லி 1800-லேயே வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். இங்கிலாந்தில் 1806-ல் கம்பெனிக்கென்றே ஒரு கல்லூரி பிறந்து, பிறகு ஹெய்லிபரியில் நிலைத்தது. கம்பெனி டைரக்டர் ஒருவரின் சிபாரிசு இருந்தால்தான் பையனுக்கு அங்கே இடம். மக்கள்தொகை பற்றி எழுதிப் பேர் வாங்கிய மால்தஸே அங்கு பொருளாதார வாத்தியார். சட்டம், வரலாறு, சமஸ்கிருதம், பாரசீகம், இந்துஸ்தானி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். திண்டுக்கல் கச்சேரி வாசலில் நிற்பவரின் பேச்சு புரிய இதில் எது உதவும்?

பதில் சென்னையில் இருந்தது. பெயர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். நம் புலவர்கள் வாயில் எல்லீசன், எல்லீசர். 1796-ல் 'ரைட்டர்' என்ற கடைநிலைப் பதவியில் சென்னைக்கு வந்தவர். வருவாய் வாரியத்தில் செயலாளராக இருந்து, மசூலிப்பட்டினத்தில் நீதிபதியாகி, 1810-ல் சென்னைக் கலெக்டர் ஆனார். ஊரை ஆளுவதற்கு ஊர்ப்பேச்சு வேண்டும் என்பதைப் பல துரைகள் சொன்னார்கள். அதற்கு ஒரு நிறுவனத்தையே கட்டி எழுப்பியவர் எல்லிஸ். 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவானது. தமிழ்ப் புலவர்கள் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்றார்கள். இன்றைய நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் பெயர் கொடுத்தது இந்தக் கல்லூரிதான். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

கப்பலிலிருந்து இறங்கிய பையனை நேரே ஜில்லாவுக்கு அனுப்பாமல் முதலில் இங்கே உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு தமிழ்ப் புலவர். நான் இந்தத் தொடரை எழுதத் துணிந்ததே இந்தக் காட்சிக்காகத்தான். நாளைக்கு ஒரு ஜில்லாவையே ஆளப்போகிறவன், இன்றைக்கு 'அ'னா 'ஆ'வன்னாவில் திணறுகிறான். அவனைத் திருத்துகிறவர் கம்பெனியிடம் மாதச் சம்பளம் வாங்கும் வாத்தியார்.

அச்சுப் புத்தகத்தில் படித்த நமக்கு அந்தப் பையன் பட்ட பாடு புரியாது. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழிந்துவிடும். புள்ளி இல்லாவிட்டால் 'எரி' என்பதற்கும் 'ஏரி' என்பதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 'கொடு' எது, 'கோடு' எது? காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பொருள் தெரிந்தால்தான் வாசிக்க முடியும், வாசித்தால்தான் பொருள் தெரியும். குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் வழி சொல்லியிருந்தார். ஆனால் கிராமத்துக் கணக்கர் யாரும் அதைக் கேட்டு எழுதவில்லை.

எழுத்தைத் தாண்டினால் கணக்கு. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முன்னூற்று இருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிக்கும் வாய்பாடு இது. இது தெரியாத அதிகாரியைக் கர்ணம் ஒரே மூச்சில் ஏமாற்றிவிடலாம். பரீட்சை வைத்தார்கள், தேறினால் சம்பளம் கூடியது, உத்தியோகமும் கிடைத்தது. தேறாதவன் சென்னையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

இந்தக் கல்லூரியின் உண்மையான சொத்து அதன் ஆசிரியர்கள். தெலுங்குக்கும் சமஸ்கிருதத்துக்கும் பட்டாபிராம சாஸ்திரி. தமிழுக்குச் சிதம்பர வாத்தியார். வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் தெற்கே எல்லிஸ் அனுப்பிய முத்துசாமிப் பிள்ளை, பின்னாளில் அந்த முனிவரின் வரலாற்றைத் தமிழிலேயே எழுதினார். இவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்ற முடிவுக்கு எல்லிஸ் வந்தார். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்குறிப்பாக 1816-ல் அதை அச்சிட்டார்கள். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்குச் சரியாக 40 ஆண்டுகளுக்கு முன்பு! அந்தப் பெருமையில் பாதியாவது பட்டாபிராம சாஸ்திரிக்கும் அவரைப் போன்ற பண்டிதர்களுக்கும் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கற்பிக்க வந்தவர்கள் எல்லிஸையே மாற்றிவிட்டார்கள். தன் பாட்டனார் கந்தப்பன் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலை எல்லிஸின் கைக்குப் போனதாக அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். எல்லிஸ் அறத்துப்பாலின் முதல் அதிகாரங்களை மொழிபெயர்த்து உரையும் எழுதத் தொடங்கினார். வள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயத்தை அவர்தான் வெளியிட்டார் என்கிறார்கள் அறிஞர்கள். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டவைத்தார். ராயப்பேட்டைக் கோயில் கிணற்றருகே வைத்த கல்வெட்டைத் தமிழ்ப் பாட்டாகவே எழுதச் செய்து, அதற்குள் ஒரு குறளையும் சேர்த்தார்.

ஆனால் அச்சேறியது கொஞ்சம். தாள்களிலும் ஓலைகளிலும் கிடந்ததே அதிகம். நாற்பது வயது வரை படிப்பு, அதற்குப் பிறகுதான் எழுத்து என்று அவர் தமக்குத் தாமே கெடு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். 1777-ல் பிறந்தவர்; அந்த நாற்பதும் கடந்துவிட்டது. இனி எழுத வேண்டியதுதான்.

எழுதுவதற்கு முன், தெற்குச் சீமையை ஒருமுறை நேரில் பார்த்துவிட நினைத்தார். 1819-ன் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் புறப்பட்டார். மார்ச் மாதம் இராமநாதபுரம் வந்து சேர்ந்தார்.

அங்கே மருந்து என்று நினைத்து எதையோ எடுத்துக் குடித்தார்.

மருந்தல்ல அது. நஞ்சு.

உதவிக்கு யாராவது வந்தார்களா? இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் சேர்த்துவைத்த குறிப்புகள் யார் கைக்குப் போயின? மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையற்கட்டுக்கும் தமிழ் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

(அடுத்த வாரம்: அடுப்பங்கரையில் ஒரு நூலகம்)