நகரக் குப்பை எரிசாம்பலின் வரலாறு

நகராட்சிகளும் மாநகராட்சிகளும் சேகரிக்கும் குப்பையை உலையில் எரித்தபின் எஞ்சுவது நகரக் குப்பை எரிசாம்பல் ஆகும். எரிப்பதால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் எடையில் சுமார் கால் பங்கு வரை அப்படியே நிற்கும்.

திருத்தணிப் பக்கத்து வீடுகளில் அடுப்புச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் எருக்குழியில் கொட்டவும் பயன்படுத்திய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் 'சாம்பல்தானே' என்று தோன்றுவது இயல்பு. விறகுச் சாம்பல் வேறு, இது வேறு. மின்கலம், பெயிண்ட், பி.வி.சி. குழாய் என எல்லாம் கலந்த குப்பையில் உள்ள ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் எரிந்து மறைவதில்லை, சாம்பலில் தங்கிவிடுகின்றன. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலில் செங்கல் செய்கிறார்களே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதையும் இதையும் ஒன்றாகக் கருதக்கூடாது.

குப்பை எரிக்கும் உலை இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1874இல் அமைந்தது. ஆல்பிரட் பிரையர் என்பவர் அதன் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் புகை அப்படியே வானில் போயிற்று. பிற்காலத்தில் புகைபோக்கியில் சுண்ணாம்பு, கரித்தூள், வடிகட்டிப் பைகள் வந்தன. காற்று தூய்மையானது, ஆனால் காற்றில் போக வேண்டிய நஞ்சு பைகளில் படிந்தது. எனவே உலையின் அடியில் விழும் அடிச்சாம்பலைவிட, புகையிலிருந்து பிடிபடும் பறக்கும் சாம்பலே கொடியது. டையாக்சின்களும் அதில்தான் மிகுதி.

இச்சாம்பலை யாரும் ஏற்காததற்கு 'கியான் சீ' என்ற கப்பலின் கதையே போதும். 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரச் சாம்பல் சுமார் 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது. நாடு நாடாகத் திருப்பி அனுப்பப்பட்டது. 1988 ஜனவரியில் எய்ட்டி நாட்டின் கொனாயிவ் கடற்கரையில், உரம் என்று சொல்லி, ஏறத்தாழ 4,000 டன்னை இறக்கிவிட்டு நழுவியது. பெயரை இருமுறை மாற்றிக்கொண்டு அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் வந்தபோது கப்பல் காலி! மீதிச் சாம்பல் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களில் கொட்டப்பட்டிருந்தது. இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில்தான் 1989இல் பேசல் உடன்படிக்கை உருவானது. எய்ட்டியில் கிடந்தது 2002இல்தான் பென்சில்வேனியாவுக்குத் திரும்பியது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூர், இடமின்மையால் 1979இல் உலூ பாண்டானில் தன் முதல் எரியாலையைத் திறந்தது. சாம்பலுக்கு இடம் தேடி, செமக்காவ், சாகெங் என்னும் இரு தீவுகளுக்கு நடுவே 7 கி.மீ. நீளக் கல்லணை கட்டிக் கடலையே வளைத்தது. அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் அதற்கு முன்பே பெருந்தீவுக்குக் குடிபெயர்க்கப்பட்டிருந்தன. 1999 ஏப்ரல் 1 முதல் சாம்பல் படகுகளில் அங்கே போகிறது. கசிவைத் தடுக்க அணையின் உட்புறம் நீர்புகாத் தாளும் கடற்களிமண்ணும் இட்டுள்ளனர். இவ்வளவு செய்தும் அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு. ஆகவே அடிச்சாம்பலிலிருந்து இரும்பையும் அலுமினியத்தையும் பிரித்தெடுத்து, எஞ்சியதைச் சாலை அமைக்கச் சோதித்து வருகின்றனர். பறக்கும் சாம்பலுக்கு இது பொருந்தாது. அதைச் சிமென்ட் கலந்து இறுக்குவார்கள், அல்லது சப்பானில் செய்வதுபோல் உருக்கிக் கண்ணாடியாக்குவார்கள். பின்னதற்கு மின்சாரச் செலவு மிக அதிகம்.

இந்தியாவில் 1987இல் தில்லி திமார்பூரில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலை டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில் எழுந்தது. நம் குப்பையில் ஈரமும் மண்ணும் மிகுதி. எரியவில்லை, விரைவிலேயே நின்றது. எரியாத குப்பையை எரிக்க முயன்றதுதான் அதன் பிழை.

வடசென்னைக் கொடுங்கையூரில் எரியாலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் குடியிருப்போர் திரண்டனர். பேச்சு பெரும்பாலும் புகையைப் பற்றியே இருந்தது. சாம்பலைப் பற்றியும் கேட்டிருக்கலாம். நச்சு உலோகம் வரம்பை மீறினால் சாம்பலை அபாயக் கழிவுக் கிடங்குக்கே அனுப்ப வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள். தமிழ்நாட்டில் அத்தகைய கிடங்கு எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ளது.