கூரை போட்ட கடல்!

ஜப்பானில் மியாஸாகி என்று ஓர் ஊர். 1993-ல் அங்கே ஒரு கடலைக் கட்டினார்கள். ஆமாம், கட்டினார்கள்! பெயர் 'ஓஷன் டோம்'. 300 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். தலைக்கு மேலே திறந்து மூடும் கூரை. வெளியே மழையோ, குளிரோ... உள்ளே வருடம் பூராவும் இதமான வெயில் காலம்தான். சலவைக்கல்லை நொறுக்கிப் பரப்பிய மணல். பட்டனைத் தட்டினால் அலை!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து முந்நூறு மீட்டர் நடந்தால், நிஜக் கடல்! சாட்சாத் பசிபிக் மகா சமுத்திரம். அதுவும் சாதாரணக் கரை இல்லை. 2019-ல் உலக அலைச்சறுக்குப் போட்டி (அதாங்க, சர்ஃபிங்!) நடந்தது இதே மியாஸாகி கடற்கரையில்தான். ஓஷன் டோமோ செலவு தாங்காமல் 2007-லேயே இழுத்து மூடப்பட்டு, பிற்பாடு இடிக்கப்பட்டது. பசிபிக் இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது, டிக்கெட் இல்லாமல்!

சிரிக்க வேண்டாம். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் அலைக்குளம் வைத்த பொழுதுபோக்குப் பூங்காக்கள் உண்டு. ஊ... என்று சைரன் ஊதும். சினிமாப் பாட்டு அலறும். சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் காற்றை அடைத்து அமுக்க, தண்ணீர் எம்பிக் குதித்து அலையாக வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த அலை எப்போது? போர்டில் எழுதியிருக்கும்!

நிஜக் கடலில் அப்படி எந்த போர்டும் கிடையாது. அந்த அலையைக் கணித்து ஜெயித்தவர்கள் நம் கரையில் இருந்தார்கள். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

காஞ்சிபுரத்தில் எல்லாம் உண்டு. பட்டு உண்டு, கோயில் உண்டு, மணக்க மணக்கக் கோயில் இட்லி உண்டு. கடல்தான் இல்லை. ஆனால், காஞ்சியை ஆண்ட பல்லவர்கள் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மாமல்லபுரத்தில் ஒரு துறைமுகம் வைத்திருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மன், தன்னிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குக் கப்பற்படையே கொடுத்து அனுப்பிய செய்தியை இலங்கையின் 'சூளவம்சம்' சொல்கிறது. (மாமல்லபுரம், கோவளம் எல்லாம் 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை காஞ்சிபுரம் மாவட்டம்தான்!)

சோழமண்டலக் கரைக்கு ஒரு குணம் உண்டு. நேர்க்கோடு போட்ட மாதிரி நீண்டு கிடக்கும் மணல். கப்பல் ஒதுங்கி நிற்க இயற்கையான வளைகுடா கிடையாது. கரைக்கு முன்னால் வரிசை வரிசையாக அலைகள் வந்து உடையும். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்களின் கப்பல்கள், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியே நங்கூரம் போட்டன. கவர்னர் துரையாக இருந்தாலும் சரி, துணி மூட்டையாக இருந்தாலும் சரி... கடைசி தூரத்தைக் கடக்க நம்ம ஊர்ப் படகோட்டிதான் கதி!

அந்தப் படகுக்குப் பெயர் மசூலா. ஓர் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு, அலை தூக்கித் தரையில் அடித்தால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து, நெளிந்து, அடியை வாங்கிக்கொண்டு கரை சேரும். முரட்டு அலைக்கு வளைந்து கொடுப்பதே பலம் என்று அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. கூடவே கட்டுமரங்களும் போகும், யாராவது தவறி விழுந்தால் பாய்ந்து தூக்க! படகே இறங்க முடியாத நாட்களில், கட்டுமரக்காரர் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போய்விடுவார். அலை புரட்டிப் போடும். மறுபடி ஏறி உட்காருவார். கடிதம் நனையாது! 'கட்டுமரம்'தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது.

இதில் முக்கியமான வித்தை, துடுப்புப் போடுவது அல்ல. காத்திருப்பது! கடல் அலை ஒரே அளவில் வருவதில்லை. எங்கோ நடுக்கடலில் வீசிய காற்று கிளப்பிவிட்ட அலைகள், கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து பெரிசு, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி வரும் வரை பொறுத்து, சரியான அலையின் முதுகில் படகை ஏற்றிவிட வேண்டும். ஒரு நொடி பிசகினால், அத்தனை பேரும் தண்ணீரில்!

வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பொறுமை ஒத்துவரவில்லை. 1870-களில் சென்னையில் கடலுக்குள் கல் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் அடித்த புயல் பாதியை வாரிக்கொண்டு போனது. விடுவார்களா? மறுபடி கட்டினார்கள். அலை அடங்கியது, மசூலா படகுகளுக்கு மெள்ள மெள்ள வேலை போயிற்று.

ஆனால் கடல் வேறு கணக்குப் போட்டது. நம் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. நாம் சுண்டல் சாப்பிடுகிற மெரினாவின் அகலம், பெரும்பாலும் அந்தச் சுவர் சேர்த்துக் கொடுத்த சொத்து! வடக்கே? ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. பாறைகளைக் கொட்டித் தடுக்கிற நிலைமை. 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டிய புதுச்சேரியிலும் இதே கதை. நகரத்துக் கடற்கரையில் மணல் போய் வெறும் கல்தான் மிஞ்சியது.

விசித்திரத்தைப் பாருங்கள். இங்கே அலையை நிறுத்தச் சுவர் கட்டிய அதே 1870-களில், ஜெர்மனியில் பவேரியா மன்னர் இரண்டாம் லுட்விக், தன் லிண்டர்ஹோஃப் அரண்மனைத் தோட்டத்துச் செயற்கைக் குகைக்குள் அலை உண்டாக்க இயந்திரம் வைத்துக்கொண்டிருந்தார்! அந்த ராஜாவின் விளையாட்டு பிற்பாடு ஊருக்கே வந்தது. 1927-ல் புடாபெஸ்ட்டின் கெல்லர்ட் குளியலகத்தில் அலைக்குளம். 1969-ல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 'பிக் சர்ஃப்'. 2015-ல் அலைச்சறுக்கு உலகச் சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர், கடலிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, கலிஃபோர்னியா வயல்களுக்கு நடுவே அச்சு வார்த்த மாதிரி ஓர் அலையை உருவாக்கிக் காட்டி அசத்தினார்.

குளத்து அலையை மட்டம் தட்ட முடியாது. கடலே இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அது வரம். ஒரே அலை திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் பழகலாம். ஆனால், எந்த அலையை விடுவது, எதில் ஏறுவது என்கிற பாடம் மட்டும் அங்கே கிடையாது. ஒலிம்பிக்கில் 2021-ல் முதன்முதலாக சர்ஃபிங் நடந்தபோது ஜப்பான் தேர்ந்தெடுத்தது நிஜக் கடலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், நல்ல அலைக்காக 15,000 கிலோமீட்டருக்கு அப்பால் தாஹிட்டித் தீவுக்கே போனார்கள்!

நம்ம கோவளத்துக்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் ரத்தத்திலேயே இருந்தது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் பலகையேறப் பழகி, 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவக் குடும்பத்துப் பையன்கள் வீரர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வென்ற வெண்கலம், ஆசியப் போட்டியில் இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம்.

இத்தனைக்கும் ஆதாரம் கரையோர மணல். அடியில் மணல் மேடு இருந்தால்தான் அலை அழகாக எழும்பி மடங்கும். மணலை விரட்டினால் அலையின் உருவமே மாறிவிடும். படகு இழுத்துப் போடவும் இடம் இருக்காது. இயந்திர அலை நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், கோயிலைப் பார்த்த கையோடு விடிகாலையில் ஃபைபர் படகை இறக்கும் மீனவரை ஐந்து நிமிடம் கவனியுங்கள். உடனே தள்ளமாட்டார். கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒன்று... இரண்டு... மூன்று... பெரிய அலைகளைப் போகவிட்டு, சட்டென்று தள்ளுவார். பல்லவன் காலத்துக் கப்பலுக்கும் இந்தக் கணக்குத்தான் தேவைப்பட்டிருக்கும்!