மரக்கால் நெல்லும் மாதக் கட்டணமும்

மதுரைச் சீமையில் முதுமைக்கான பராமரிப்பு நெடுங்காலம் நெல்லால் அளக்கப்பட்டது. வைகைப் பாசனத்திலும், 1895-இல் பெரியாற்று நீர் வந்தபின் மேலூர்வரை செழித்த நஞ்சையிலும், சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தகப்பன் தனக்கும் மனைவிக்கும் 'ஆயுள் பரியந்தம்', அதாவது உயிருள்ளவரை, வருடத்துக்கு இத்தனை கலம் நெல் என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுண்டு. ஜீவனாம்சம் எனப்பட்ட இந்த ஏற்பாட்டில், நெல்லின் விலை ஏறும்போது முதியவரின் வரும்படியும் தானே ஏறியதால், உயர்வு கேட்கும் நிலை பெரும்பாலும் எழவில்லை.

அளவையும் ஊரறிய நடந்தது. தூற்றிக் குவித்த பொலியின் முன் அளப்பவர் அமர்ந்து, முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று மங்கலமாகத் தொடங்கி, ஒவ்வொரு எண்ணையும் களத்தில் நிற்பவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். தாய்க்குரிய பங்கு ஒரு மரக்கால் குறைந்தாலும் அதைத் தாயும் அறிவாள், பங்காளிகளும் அறிவர். ஆனாலும் அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று போற்றுவது தவறு: நிலமற்ற கூலிக்குடும்பங்களுக்கு எழுதிவைக்க எதுவும் இல்லை, கணவனை இழந்த பெண்கள் பலர் அந்த நெல்லுக்காகவே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

பஞ்சாலைகளும் அரசு வேலையும் பெருகப் பெருக, வாழ்க்கை மாதச் சம்பளத்துக்கு மாறியது. பராமரிப்பும் ரூபாய்க்கு மாறியது. ரூபாய்க்கு நெல்லைப் போலத் தானே ஏறும் குணம் இல்லை. தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2011-இல் 1,000 ஆகவும் 2023-இல் 1,200 ஆகவும் உயர்ந்தது, ஒவ்வொரு முறையும் அரசாணையால். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றலாம் என்று இடம் கொடுத்தது. ஆனால் பெற்றோரையும் முதன்முறையாகத் தன் வரம்புக்குள் கொண்டுவந்த 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதம் 500 ரூபாய் என்று மேல்வரம்பு கட்டியது. அந்த வரம்பு 2001-இல்தான் நீங்கியது. அதற்குள் அரிசி என்ன விலைக்குப் போயிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், எளியவருக்கு அந்தச் சட்டம் இழைத்த கொடுமை விளங்கும்.

பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பெயர்ந்தபின் மதுரையிலும் சுற்றுப்புறங்களிலும் கட்டண முதியோர் இல்லங்கள் தோன்றின. இவை முன்வைப்புத் தொகையும் மாதக் கட்டணமும் பெற்று, உணவு, தங்குமிடம், குளிக்கவும் உடுத்தவும் துணை, மருந்து கொடுத்தல் ஆகியவற்றைச் செய்பவை. இங்கே கட்டணம் இரண்டு வழியில் ஏறுகிறது: விலைவாசியால் எல்லோருக்கும் ஏறுவது ஒன்று, நடமாடியவர் படுக்கையில் விழுந்தால் அவருக்கு மட்டும் ஏறுவது மற்றொன்று. இரண்டாவதுதான் குடும்பங்களை நிலைகுலைய வைப்பது. 2014 முதல் குறைந்தபட்சமாக 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்ட தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தை நம்பிய ஆலைத் தொழிலாளி இந்த இல்லங்களின் வாசலையே மிதிக்க முடியாது என்பதும் இதே வரலாற்றின் பகுதி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் முதியோர் இல்லங்களின் இவ்விரு வகைக் கட்டண உயர்வுகளையும் பிரித்தே சட்டம் செய்தது. பொதுவான உயர்வுக்கு நீண்டகாலம் 60 நாள் முன்னறிவிப்பு கட்டாயமாக இருந்தது. உடல்நிலை மாறிக் கூடுதல் பணிவிடை தொடங்கினால், தொடங்கிய இரண்டு வேலைநாட்களுக்குள் காரணத்தையும் கணக்கையும் எழுத்தில் தர வேண்டும், அதுவும் அங்கு வசிக்கும் முதியவருக்கே.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இந்தியாவில் வந்தது. அதன்படி மதுரையில் முதியவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்வரை பெறலாம். அந்தத் தீர்ப்பாயம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் போன்ற குடும்பத்தாரைத்தான் விசாரிக்கும். இல்லம் சொல்லாமல் ஏற்றிய கட்டணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டும். பணம் கட்டுபவர் மகன் என்பதால் உயர்வுச் செய்தி துபாயிலோ சென்னையிலோ இருக்கும் அவர் கைப்பேசிக்கு மட்டும் போவது நியாயமாகாது. களத்தில் தன் பங்கைக் காதாரக் கேட்டவளின் பேத்தி, தன் அறைக்கு என்ன கட்டணம் என்று அறியாமல் கட்டிலில் அமர்ந்திருக்கிறாள்.